கம்பிச் சத்தமும் பிள்ளைச் சத்தமும்

இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் காப்பி ஒழிந்து தேயிலை வந்த பிறகு எங்கள் தோட்டத்துக்கு ஒரு கம்பி வந்தது. மேல்மலையிலிருந்து கீழே தேயிலை அரைக்கும் ஸ்டோர் வரைக்கும் இழுத்துக் கட்டிய தடித்த இரும்புக் கம்பி. கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டால், தலைக்கு மேலே வீலென்று கத்திக்கொண்டு ஒரே ஓட்டமாய்ப் போய்ச் சேரும். மாட்டிவிடுவது என் வீட்டுக்காரர் வேலை. கம்பிக்கு அந்தப் பக்கம் நாங்கள் கொழுந்து பறிக்கும் மலை. இந்தப் பக்கம் பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகை. என் மகன் அங்கேதான் தொட்டிலில் கிடந்தான். பால் கொடுக்க நேரம் விடுவார்கள். கம்பியைக் கடந்து போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

ஒரு நாள் நான் கம்பியைக் கடக்கும்போது கொக்கி நழுவி, ஒரு சாக்கு எனக்குச் சற்று முன்னால் தொப்பென்று விழுந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. சேலையைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்ப் பால் கொடுத்தேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. கங்காணியையே எதிர்த்துப் பேசுகிற வாய் எனக்கு.

மறுநாள் கம்பி கத்தியது. அது என்ன சத்தம் என்று எனக்கு உறைக்குமுன்னே நான் மண்ணில் குந்தியிருந்தேன். புதுக் கொக்கி போட்டாயிற்று, இனி விழாது என்று புத்திக்கு நன்றாகத் தெரியும். உடம்பு புத்தியைக் கேட்கவே இல்லை. எழுந்து நடக்கப் பார்த்தால் கால் கம்பியைத் தாண்ட மறுத்தது, திரும்பிவிட்டேன். பிள்ளைக்காம்பரா ஆயா என் மகனுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துச் சமாளித்தாள். தினமும் இதே கதையாகி, பிள்ளை வாடத் தொடங்கினான். எனக்கு என் கால்மேலேயே ஆத்திரமாய் வந்தது.

பயந்தவர்களுக்குக் கயிறு மந்திரித்துக் கட்டி, பயம் ஏறாமல் காதில் பஞ்சடைப்பது நாங்கள் குடியிருந்த லயத்து வழக்கம். எனக்கும் அடைத்தார்கள். ராணி மாதிரி கம்பியைக் கடந்து போனேன். ஆனால் பிள்ளையை மடியில் போட்டால் பால் இறங்கவில்லை. அவன் வாயைப் பிளந்து அழுவது தெரிகிறது, சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது. ஆயா பார்த்தாள். பட்டென்று என் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். அவன் அழுகை உள்ளே விழுந்ததுதான் தாமதம், நான் நினைக்குமுன்னே மாராப்பு நனைந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலை மடக்குவதும் பாலைச் சுரக்க வைப்பதும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடும். பஞ்சை அடுப்பில் போட்டேன்.

"நீ கடக்குற வரைக்கும் சாக்கை நிறுத்தி வைக்கிறேன் புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணும் நிறுத்த வேணாம். நீங்க பாட்டுக்கு அனுப்புங்க. நான் எட்ட நின்னு கேட்டுப் பழகிக்கிறேன்."

"விழுந்து கிழுந்து வைக்காத."

"விழுந்தா எந்திரிக்கத் தெரியாதா எனக்கு?"

தினமும் கொஞ்சம் கிட்டப் போனேன். கம்பி கத்தும், குந்துவேன், எழுவேன். குந்துவது குறைந்தது, ஆனால் அடியோடு நிற்கவில்லை. ஒரு நாள் கம்பிக்கு நேர் கீழே வந்தபோது சாக்கு கத்திக்கொண்டு வந்தது. முழங்கால் மடங்கிவிட்டது. அதே நேரம் கொட்டகையிலிருந்து என் பிள்ளையின் அழுகை. மண்ணில் குந்தியிருக்கும்போதே பால் வழிந்தது. எழுந்திருக்க ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கைகளை ஊன்றித் தவழ்ந்தே போய்ச் சேர்ந்தேன். கொழுந்துக்காரிகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கினான்.

இப்போது அவனோடு பதுளை டவுனில் இருக்கிறேன். புதிதாக வந்த ரயில் கூவும்போதெல்லாம் என் முழங்கால் இன்னும் மடங்கப் பார்க்கிறது. மடங்கட்டும். எனக்குத் தவழத் தெரியும்.