குருவி வைத்த ஆள்

என் மனைவிக்கு வீடியோ கேம் பிடிக்காது. ஆரணியில் பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விளையாடும்போது பின்னால் நின்று குறை சொல்வதோடு சரி.

ஒருமுறை, எல்லையே இல்லாத காடு என்று விளம்பரம் செய்த கேமில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க எல்லையே இல்ல? அதே எட்டு மரம்தான் திரும்பத் திரும்ப வந்துகினு இருக்குது" என்றாள்.

பார்டரில் ஒரு டிசைன் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒட்டு தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தக் கண்ணோடு காட்டைப் பார்த்தால் வேறென்ன தெரியும்? எனக்கு எரிச்சலாக வந்தது. அவளோ திரைக்குக் கிட்டே வந்து குனிந்தாள்.

"ஒட்டு தெரியாம இருக்க அந்த எடத்துல ஒரு குருவிய உக்கார வெச்சிக்கிறான் பாருங்க. நானும் அப்படித்தான் செய்வேன். வேல தெரிஞ்ச ஆளு."

அதற்குப் பிறகு அந்தக் குருவியைப் பார்க்கவே என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

போன மாதம் அந்த கேமைத் தயாரித்த கம்பெனி, படம் வரைகிறவர்களை எல்லாம் வேலையை விட்டு அனுப்பிவிட்டது. இனிமேல் ஏஐ வரையுமாம், கேம் இன்னும் அழகாகுமாம். இப்படி அறிக்கை விடுகிற முதலாளிகள் தங்கள் கேமை ஒரு நாளாவது விளையாடியிருப்பார்களா? ஆத்திரத்தில் அந்தச் செய்தியை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

பார்டர் போட்டுக்கொண்டிருந்தவள் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"குருவி வெச்ச ஆளையுமாங்க?"