மொட்டைப் பாறையில் பச்சை

தொண்ணூறுகளில் திருப்பதியில், செயற்கைக்கோள் படங்களை வரைபடமாக்கும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒரு வறட்சி ஆண்டில், பயிர் கருகிய ஊர்களைக் காட்டும் வரைபடத்தை ஓர் அரசு அலுவலகம் அவசரமாகக் கேட்டது. அதை வைத்துத்தான் எந்த ஊருக்கு நிவாரண வேலை என்று முடிவாகும்.

படத்தைத் திறந்தேன். கார்வேட்டிநகரம் பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பட்டை. அதற்குள் இருந்த ஊர்கள் மட்டும் செழிப்பு என்று கணக்கு வந்தது.

முதலாளி ராவ் சார் தெலுங்கு கலந்து பேசுவார். "ஸ்ட்ரைப்தானேம்மா? ஃபில்டர் போட்டு அழிச்சுடு. சாலு, அது போதும்," என்றார்.

போட்டேன். பட்டை மறைந்து படம் அழகாகிவிட்டது. ஆனால் கணக்கில் அந்த ஊர்கள் செழிப்பாகவே இருந்தன.

செயற்கைக்கோளின் சென்சாரில் வெளிச்சத்தை அளக்கும் டிடெக்டர்கள் வரிசையாக இருக்கும். ஒரே வெளிச்சத்துக்கு எல்லாமும் ஒரே எண்ணைத் தரவேண்டும். அப்படித் தரும்படி சரிசெய்வதுதான் காலிபரேஷன். நாள்பட்டால் சில டிடெக்டர்கள் மாறிவிடும். இங்கே அதுதான் நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டேன். பட்டைக்குள் இருந்த மொட்டைப் பாறைக் குன்றுகூடப் பச்சை என்று வந்திருந்தது.

"பாறையில என்ன சார் விளையும்?" என்றேன்.

சார் திரையில் அந்தக் குன்றைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பதம்மா, போலாம். நேர்லயே பாத்துடலாம்."

பட்டைக்குள் இருந்த ஓர் ஊரில் முனியம்மா என்பவர் தன் கடலை விதைத்த கொல்லையைக் காட்டினார். பிடுங்கிய செடி கையிலேயே நொறுங்கியது. படத்தில் பச்சை என்று வந்ததைச் சொன்னேன்.

"பச்சையா? எங்கம்மா கீது பச்ச? ஊட்டுக்காரரு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பூட்டாரு. இங்க வேல இல்லன்னா பசங்கள இஸ்கூல்லருந்து நிறுத்திட்டு நானும் இட்டுக்கினு போவவேண்டிதான்."

திரும்பும் வழியில் சார், வடமாலபேட்டை தாண்டியதும், "டைம் நான் கேட்டு வாங்கறேன். நீ சரியா செய்மா," என்றார்.

மாறிப்போன டிடெக்டர்களின் எண்களைப் படம் நெடுக, பக்கத்து டிடெக்டர்களின் சராசரியோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். பாறை பாறையாயிற்று. ஊர்கள் வறட்சிக்குள் வந்தன.

வரைபடம் தாமதமானதற்குப் போனில் சாருக்கு நல்ல திட்டு. "தப்பா குடுக்கறதுக்கு லேட்டா குடுக்கறது மேலுங்க," என்று மட்டும் சொன்னார். அந்த அலுவலகம் எங்களுக்கு மறுபடி வேலை தரவில்லை. சார் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறைபட்டுக்கொண்டதில்லை.

கோடையில் அந்தப் பக்கம் போனேன். நிவாரண வேலையாக ஏரியில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். முனியம்மா மண்கூடையை இறக்கிவிட்டு வந்தார்.

"ஊட்டுக்காரரு அங்கியே கீறாரு. நாங்க இங்க கீறோம். பசங்க இஸ்கூலுக்குப் போவுதுங்கம்மா."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். படத்தில் ஒரு புள்ளி என்பது யாரோ ஒருவருடைய கொல்லை. பட்டையை அழித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள்.