செவுள் சிவப்பு தெரியாமல் போன தவக்காலம்

இந்தச் சாட்சியம் நம் செபக்கூட்டத்தில் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

2006 தவக்காலம். எனக்கு டிபி. தினமும் ஒரு கை மாத்திரையை விழுங்கிவிட்டு, குருசுக்குப்பத்திலிருந்து கூடை தூக்கிப் போய்ப் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றேன். இருமல் அடங்கியது. ஆனால் கண் மங்கியது. சிவப்பெல்லாம் மண் நிறமாகத் தெரிந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால்தான் நாங்கள் மீனை எடுப்போம். எனக்கு எல்லாமே பழைய மீனாகத் தெரிந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று ஏலம் விடுகிறவர்களோடு சண்டை போட்டேன். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். கண் போனால் மூவரும் தெருவில்தான்.

மாத்திரை கொடுத்தவர்கள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செபக்கூட்டம் நடத்தும் பிலோமினா அக்காவிடம் போய் அழுதேன். தலையில் கை வைத்தார்.

"ஒனக்கு விசுவாசம் பத்தல. அதான் ஆண்டவர் கண்ண மறைக்கிறாரு."

சுற்றியிருந்த எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து நான் பக்தியாகச் செபிக்கவில்லை. சண்டை போட்டேன். "ஆண்டவரே, என் மேல கோவம்னா என்னைய அடி. புள்ளைங்க பொழப்புல ஏன் மண்ணப் போடுற? யாரையாவது அனுப்பு."

மறுநாளே அனுப்பினார். ரெட்டியார்பாளையத்து அம்மா ஒருத்தி, என்னிடம் வாங்கிப் போன கொடுவா மீனை என் பலகை மேலேயே வீசினாள்.

"செவுளு கருத்துக் கெடக்கு. புது மீனுன்னு என் தலையில கட்டிட்டியே, மனுசியா நீ?"

நானும் கத்தினேன். "எல்லா மீனும் எனக்கு அப்படித்தாம்மா தெரியுது. நான் என்னா பண்றது?"

அவள் என் கண்ணை உற்றுப் பார்த்தாள். கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாம். தன் சிவப்பு முந்தானையை நீட்டி என்ன கலர் என்றாள். மண் கலர் என்றேன்.

"என்னா மாத்திர சாப்புடுற?"

"டிபிக்கு."

அப்படியே ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வந்தாள்.

அவளுடைய கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சோதித்துவிட்டு, டிபி மாத்திரைகளில் ஒன்றுதான் கண்ணைக் கெடுக்கிறது என்றார். அன்றே அதை நிறுத்த வைத்தார். மற்ற மாத்திரைகளை விடாமல் தின்று நோயைத் தீர்த்தேன். மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை திரும்பியது. முழுசாக இல்லை. ஊசியில் நூல் கோக்க இன்னும் மகள்தான் வேண்டும். அதற்கும் நன்றி ஆண்டவரே.

இப்போது எங்கள் குப்பத்தில் யார் டிபி மாத்திரை தின்றாலும் வீடு தேடிப் போய், கண் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். பிலோமினா அக்காவை மன்னித்துவிட்டாயா என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்கும் செபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்களும் நம்புங்கள். கண் மங்கினால் செபியுங்கள், செபித்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஆண்டவர் ஆள் அனுப்புவார். இனிக்க இனிக்கப் பேசுகிற ஆளாக இருப்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.