பன்னிரண்டு பைக்கும் ஒரே வாடிக்கையாளர்

எங்கள் தெருத் தையல்காரம்மா துணிப்பை விற்க இணையத்தில் ஒரு கடை போட்டார். இருப்பு மொத்தம் பன்னிரண்டு பை. மெஷினுக்கு மோட்டார் வாங்கச் சேர்த்த பணத்தை விளம்பரத்துக்கு ஒதுக்கியிருந்தார். அது வீணாய்ப் போனால் இன்னும் ஒரு வருஷம் காலால்தான் மிதிக்க வேண்டும்.

அந்தப் பயத்தில், கடை வேலை செய்கிறதா என்று தானே ஒரு பை ஆர்டர் போட்டுப் பார்த்தார். செய்தது. மனசு கேட்கவில்லை. சாயங்காலம் இன்னொன்று போட்டார். இப்படியே ஆறு நாள் ஓடியது.

ஏழாம் நாள் விளம்பரத்துக்குப் பணம் கட்டப் போனபோது, பக்கத்தில் இருந்த நாத்தனார் தன் போனில் கடையைத் திறந்தாள்.

"அண்ணி, எல்லாம் வித்துப்போச்சுன்னு காட்டுது."

தையல்காரம்மா பணம் கட்டுவதை நிறுத்தினார். "யாரு வாங்கினா?"

நாத்தனார் அண்ணியின் போனை வாங்கி ஆர்டர்களைப் பார்த்தாள். "பன்னெண்டும் ஒரே ஆளு. உங்க பேரு, உங்க விலாசம். நல்ல கஸ்டமர், விட்டுடாதீங்க."

பன்னிரண்டையும் ரத்து செய்தார்கள்.

"இப்பவாவது பணத்தைக் கட்டுங்க."

"இரு, ரத்தானது கடைக்குத் தெரிஞ்சுதான்னு பார்த்துடறேன்" என்று தையல்காரம்மா ஒரு பை வாங்கினார்.

நாத்தனார் போனைப் பிடுங்கி, மிச்சம் பதினொரு பைக்கு விளம்பரம் கொடுத்தாள்.