வாசலுக்கு வந்த வெள்ளைக்கட்டி

எடோ நகரில் தந்தம் செதுக்குகிறவர்களுக்கு எசமான் ஒருவர்தான்: ஓபா. தந்தத்தில் உளி வைக்க வேண்டுமானால் அந்த ராசாவின் அரண்மனையிலிருந்து, உத்தரவுக்கு அடையாளமாக, சுண்ணாம்பு வெள்ளைக்கட்டி வர வேண்டும். அதுவும் செதுக்குவோர் குலத்தின் பீடத்தில், எல்லோர் கண்முன்னாலும் வைக்கப்பட வேண்டும். செதுக்குகிற எகாத்தோருக்கு இது தாய்ப்பாலோடு வந்த சங்கதி. தெரிந்தும் கெட்டான் பாவி.

கெடுத்தவன் ஒபாசூயி. இருவரும் ஒரே தெருவில் அம்மணமாய் ஓடித் திரிந்தவர்கள். கள்ளுக்கு ஆசைப்பட்டு எண்ணெய்ப்பனையில் ஏறிய ஒபாசூயி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, அவனை முதுகில் சுமந்து வைத்தியர் வீட்டுக்கு ஓடியவன் எகாத்தோர்தான். எலும்பு கோணலாய்க் கூடி, கோலாக்கொட்டை அளவுக்கு ஒரு முண்டு நின்றுவிட்டது. பின்னால் ஒபாசூயி வாய்ச் சாமர்த்தியத்தால் அரண்மனைக்குள் நுழைந்து பட்டம் வாங்கினான். கழுத்தில் பவளம் ஏறியது, வீட்டில் ஈட்டிக்காரர்கள் பெருகினார்கள். கையில் தந்தக் காப்பு மட்டும் ஏறவில்லை. ஓபா தன் வாயால் கொடுக்காத தந்தத்தை அணிந்தவனுக்குத் தலை தங்காது.

ஒருநாள் அவன் வாழையிலையில் சுற்றிய தந்தத் துண்டோடு எகாத்தோர் வீட்டு வாசலில் வந்து நின்றான். துண்டின் மேல் ஒரு வெள்ளைக்கட்டி.

"ராசா எனக்குக் காப்பு தர்றதா வாக்குக் குடுத்துட்டாருடா. இகுவே திருவிழாவுல எல்லார் முன்னாடியும் சொல்லப்போறாரு. அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாதாம்."

"கட்டி பீடத்துக்குல்லடா வரணும்?"

"அங்க வந்தா ஊரே மோப்பம் புடிச்சிரும். ஏன், நான் கொண்டாந்தா அது கரிக்கட்டியா போயிருமா?"

எகாத்தோர் சிரித்துவிட்டான். கட்டியை வாங்கிக்கொண்டான். அவன் மனைவி அபியேயுவா சிரிக்கவில்லை.

"ஏங்க, உங்க சிநேகிதர் பேச்சுல தேன் ரொம்ப வழியுது. எறும்பு நம்ம வீட்டுக்குத்தான் வரும்."

"போடி. அவன் என் முதுகுல ஏறி வளந்தவன்."

"அதான் இன்னும் எறங்க மாட்டேங்கிறாரு."

அவள் பேச்சை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொல்லையில் உட்கார்ந்து காப்பைச் செதுக்கினான். சுற்றிலும் கெளுத்தி மீன்கள், வாலோடு வால் பின்னி. சிறுத்தை உருவத்தைத் தொடவில்லை. அது ஓபாவின் கைக்கு மட்டுமே உரியது. எலுமிச்சைச் சாற்றால் கழுவிக் கழுவி வெளுப்பேற்றினான். வெளிவேலை முடிந்த பிறகு உட்புறத்தில், அந்த முண்டு வந்து உட்கார்வதற்கென்று ஒரு சின்னக் குழி குடைந்தான். யார் கண்ணிலும் படாத அந்த இடத்துக்குத்தான் அவன் அதிகம் மெனக்கெட்டான். சிநேகிதனுக்கு வலிக்கக்கூடாதே!

திருவிழாவன்று பட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஆடிவந்து ஓபாவை வணங்கினார்கள். ஒபாசூயியின் முறை வந்தது. வெறுங்கையோடு வந்தான். பின்னால் அவன் ஆள் ஒரு தட்டை ஏந்தி வந்தான். தட்டில் அந்தக் காப்பு.

"ராசா, ஒங்க கட்டி இல்லாம ஒருத்தன் தந்தம் செதுக்கி விக்கிறான். கையும் களவுமா புடிச்சேன். அந்தா, அந்த வரிசையில உக்காந்திருக்கான்."

எகாத்தோருக்கு முதலில் யாரைச் சொல்கிறான் என்றே புரியவில்லை. நீட்டிய விரல் தன் மேல் வந்து நின்ற பிறகுதான் புரிந்தது. சாமானியன் ஓபாவிடம் நேரே பேசக்கூடாது. பக்கத்திலிருந்த குலத்தலைவரின் காதருகே குனிந்தான்.

"தலைவரே, அத அவன் கையிலயே போட்டுப் பாக்கச் சொல்லுங்க. உள்ள ஒரு குழி இருக்கு. விக்கிறதுக்குச் செஞ்சேன்னா அவன் முண்டுக்கு எதுக்குக் குழி வைக்கிறேன்?"

தலைவர் அதை ஓபாவுக்கு எடுத்துச் சொன்னார். ஓபா காப்பை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினார். விரல் குழியில் நின்றது. பிறகு போடச் சொன்னார். ஒபாசூயியின் மணிக்கட்டில் அது தோல் போல உட்கார்ந்தது. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஓபாவுக்கு எல்லோருக்கும் முன்பே விளங்கிவிட்டது.

அவர் ஒபாசூயியின் பின்னால் நின்ற ஈட்டிக்காரர்களைப் பார்த்தார். தனியாய் உட்கார்ந்திருந்த எகாத்தோரைப் பார்த்தார்.

"தந்தத்துக்கு அதோட ஆளத் தெரியுது," என்றார். "அந்தக் கையிலயே கெடக்கட்டும். விசுவாசத்துக்கு நாம குடுத்த பரிசு. செதுக்குனவன்கிட்ட இருந்து உளிய வாங்கிருங்க."

நியாயம் கேட்டு ஊமையும் வாய் திறக்கும் என்பார்கள். அன்று வாயுள்ளவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

உளிப்பையை ஒப்படைத்துவிட்டு வெளியேறியவனை ஒபாசூயி கடந்து போனான். முகத்தைப் பார்க்கவில்லை. காப்பைத் தடவிக்கொண்டே, சிறுவயதுக் குரலில் மெதுவாகச் சொன்னான்:

"கச்சிதமா இருக்குடா. கொஞ்சங்கூட வலிக்கல."

நகரத்து அகழிக்கு வெளியே வள்ளிக்கிழங்கு பயிரிட்டுத்தான் எகாத்தோர் மிச்ச காலத்தை ஓட்டினான். ஒபாசூயியைத் திட்டுவான், ஓபாவைப் பற்றி முணுமுணுப்பான்; போகப்போக அதெல்லாம் ஆறிப்போனது. ஆறாதது ஒன்றுதான். அன்று 'வலிக்கல' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும், சிநேகிதன் கை வலிக்கவில்லையே என்று தன் மனசு ஒரு கணம் சந்தோஷப்பட்டது. அதை அவன் அபியேயுவாவிடம்கூடச் சொல்லவில்லை.