மேடேறினால் கொதிக்கும் கார்

எங்கள் மலையடி ஊரான மினா கிளாவேரோவில் எர்மிந்தா பெரால்தாவின் கடை ரவியோலியைச் சாப்பிடாத வீடு குறைவு. கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மூடிய மாவுத் துண்டுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் கோபம் வந்துவிட்டால் வரிசையில் நிற்பவர்கள் தாமாகவே ஓரடி பின்னால் நகர்வார்கள். அந்தக் கோபத்தில் பாதி அவளுடைய காரால் வந்தது. மீதி அவளுடைய அண்ணன் ஒஸ்வால்தோவால்.

கார் அவர்களுடைய அப்பாவுடையது. இருவர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை மடங்கும் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார், அடர்பச்சை. சாவதற்கு முன் அதை அவர் மகளுக்கு என்று சொல்லிவிட்டார். ஊரிலேயே பெரிய மெக்கானிக் ஷெட் வைத்திருந்த மகனுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த அன்று ஒஸ்வால்தோ சிரித்துக்கொண்டேதான் சாவியைத் தங்கையிடம் நீட்டினான். வண்டியை இனி நானே பார்த்துக்கொள்கிறேன், வேறு யாரிடமும் விடாதே என்றும் சொன்னான். அவளும் விடவில்லை.

வசந்தம் பிறந்ததும் எங்கள் ஊர்ப் பழைய கார் சங்கத்தார், ஒஸ்வால்தோவும் சேர்த்து, வரிசையாக மலைச்சாலையில் ஏறுவார்கள். உச்சியில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு மாலையில் இறங்குவார்கள். நான் இழுவை லாரியுடன் கடைசியில் போவேன். வருடம் தவறாமல் என் லாரியில் ஏறியது எர்மிந்தாவின் கார்தான். ஊருக்குள், கோடை வெயிலில், நெரிசலில் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மேடு ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெப்பமுள் ஏறிவிடும். பிறகு பானெட் இடுக்கில் ஆவி.

கடந்து போகிற ஆண்கள் வேகத்தைக் குறைத்துக் கேட்பார்கள்: “என்ன எர்மிந்தா, மாத்தே டீக்கு வெந்நீர் போடுறியா?” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பாள்.

ஒவ்வொரு முறையும் ஒஸ்வால்தோ வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றையே சொல்வான். தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று, ரேடியேட்டரைக் கழுவியாயிற்று, ஹெட் கேஸ்கெட்டில் பழுதில்லை. “வண்டியில ஒரு குறையும் இல்ல, நெனா. குறை உன் கால்லதான். பேசாம எங்கிட்ட குடுத்துடு.” நெனா என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பெண்ணைக் கூப்பிடும் சொல். அப்போது எர்மிந்தாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது.

ஒரு வருடம் பாதி மலையில் வண்டி நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள், சிரித்தார்கள். அவமானத்தில் அவசரப்பட்டு அவள் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டாள். கொதிநீர் சீறி வலது முன்கை முழுவதும் வெந்துபோயிற்று. நான்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒஸ்வால்தோ வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள், எடுத்துக்கொண்டு போ, எனக்கு அது வேண்டாம் என்றாள். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை அவள் கடைக்கு விடுமுறை. காலையிலேயே என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கார் அவள் வீட்டு முற்றத்தில் நின்றது. தூங்கவில்லை என்பது கண்களில் தெரிந்தது.

“குடுக்குறதுக்கு முன்னாடி இதுக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்,” என்றாள். “நின்னா கொதிக்கல. மெதுவா போனா கொதிக்கல. இஞ்சின் வேகமா சுத்தினாத்தான் கொதிக்குது. அப்போ மட்டும் தண்ணி ஓடாம நிக்குது. எங்க நிக்குதுன்னு பார்க்கணும். நீ உள்ள உக்காந்து மிதி.”

நீர் நிரப்பி, இஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தோம். பிறகு ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு அவள் குனிந்து பார்த்தாள். விடச் சொன்னாள். மறுபடி மிதிக்கச் சொன்னாள். பிறகு என்னை இறக்கிவிட்டு, தானே உள்ளே உட்கார்ந்து மிதித்தபடி, நீயும் பார் என்றாள்.

ரேடியேட்டரின் அடியிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய், வேகம் கூடியதும் பல்லில்லாதவன் கன்னம் போல உள்ளே ஒடுங்கி ஒட்டிக்கொண்டது. பம்ப் இழுக்கிற இழுப்பில் குழாய் தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. வேகம் குறைந்ததும் உப்பிப் பழையபடி ஆகிவிடுகிறது. நின்ற வண்டியைச் சும்மா பார்க்கிற எவனுக்கும் இது தெரியாது. ஆனால் குழாயைக் கழற்றியவனுக்குத் தெரியும். அந்த மாதிரிக் குழாய்க்குள், அது ஒடுங்காமல் இருக்க ஒரு கம்பிச்சுருள் இருக்கும். கழற்றிப் பார்த்தோம். உள்ளே வெறுமையாக இருந்தது.

அவள் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அண்ணனின் ஷெட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். ஒஸ்வால்தோ ஒரு பிக்கப் வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்தான்.

“இதுக்குள்ள இருந்த சுருள் எங்க?”

துருப்பிடித்திருந்தது, குழாய் மாற்றும்போது எறிந்துவிட்டேன், புதிது கிடைக்கவில்லை, குழாய் தடிமனாகத்தானே இருக்கிறது என்று விட்டேன் என்றான் அவன். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“சரி. அப்புறம் கொதிச்சப்போ? அதனாலதான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

அவள் நகரவில்லை. ஷெட்டில் வேலை செய்தவர்கள் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள்.

“தெரியும்,” என்றான் கடைசியில். “அப்பா எனக்குல்ல குடுத்திருக்கணும்.”

எர்மிந்தா கட்டுப் போட்ட கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். அவளுடைய குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சுது. நீயும் கூட நின்னு சிரிச்ச. இனிமே என்னை நெனான்னு கூப்பிடாத. எதுவுமே சொல்லிக் கூப்பிடாத.”

குழாய்க்குள் வைக்கத் துருப்பிடிக்காத கம்பி வாங்கி, மாவு தேய்க்கும் மெல்லிய கட்டையில் இடது கையால் இழுத்து இழுத்துச் சுருளாகச் சுற்றினாள். உதவிக்குப் போன என்னை முறைத்தாள். கை ஆறியதும் ஒரு வேலைநாளில், யாருக்கும் சொல்லாமல் மலையேறினோம், அவள் காரில், நான் லாரியில். வளைவுக்கு வளைவு அவள் வேகம் கூட்டினாள். என் லாரிதான் மூச்சு வாங்கியது. நான் உச்சியை அடைந்தபோது கார் அமைதியாக நின்றிருந்தது. முள் நடுவில்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சரளைக்கல்லை எட்டி உதைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

“ஒவ்வொரு வருஷமும் இப்படி ஏறியிருக்கலாம்,” என்றாள். “ஒவ்வொரு வருஷமும்.”

அடுத்த வசந்தத்தில், உச்சியில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, சங்கத்தார் முன்னிலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெந்நீர் நகைச்சுவை சொன்னவர்களின் பெயர்களையும் சொன்னாள். யாரும் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. ஒஸ்வால்தோ அதற்குப் பிறகு மலைக்கு வருவதில்லை. அவன் மனைவி சமாதானம் பேச இரண்டொரு முறை வந்தாள். எர்மிந்தா ஒரே பதில்தான் சொன்னாள்: மறந்துபோய்ச் செய்திருந்தால் அன்றைக்கே என் மேசையில் அவனுக்கும் தட்டு வைத்திருப்பேன், இவன் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரவியோலி வாங்க வருகிறாள். எர்மிந்தா நன்றாகவே பொட்டலம் கட்டிக் கொடுக்கிறாள். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.