சேறும் முட்டைக் குழம்பும்

"அந்த நாற்றம் என் பையிலிருந்து வருகிறது" என்று இன்று பேருந்தில் நான் சொல்லவில்லை.

கடலோரச் சரணாலயத்தில் கள ஆய்வு முடித்து, காலை ரயிலில் செகந்திராபாத் வந்து, கல்லூரிக்குப் போக உப்பல் பேருந்தில் ஏறியிருந்தேன். மடியில் இருந்த பையில் ஆய்வுக்கு எடுத்த அலையாத்திக் காட்டுச் சேறு. அது அழுகிய முட்டை போலத்தான் நாறும். நடத்துநர் என்னைப் பையோடு இறக்கிவிட்டால் என் இறுதியாண்டு ஆய்வே போய்விடும்.

முன் இருக்கையில், இந்த ஊர் உருது கலந்து பேசும் ஒரு தமிழ்த் தம்பதி. மனைவி மூக்கைச் சுளித்தார்.

"நீங்க வாங்கின முட்டைதான்! இந்தக் குழம்பை எப்படிப் பிள்ளைக்குக் குடுக்கிறது?"

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு?"

"கைக்கு, எதுக்கு இந்தப் பேச்சு? மோந்து பாருங்க."

கணவர் குழம்பு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "ஹவ், ஆமா, கெட்டுத்தான் போச்சு."

உண்மை எனக்கு வாய் வரை வந்தது. பையை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

ஹப்சிகுடாவில் இருவரும் இறங்கினார்கள். கணவர் குழம்பைக் குப்பைத்தொட்டியில் கொட்டுவதை ஜன்னல் வழியே பார்த்தேன். பேருந்து கிளம்பியது. நாற்றம் உப்பல் வரை வந்தது.